வடகடல் கணக்கு

பெருமாட்டி
1976 ஆவணி

என் பேரனுக்கு உன் அப்பத்தா மருதாத்தாள் எழுதுவது. இங்கே யாரும் படுக்கையில் இல்லை. உனக்குச் சளி விட்டதா?

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்குக் களத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன். உன் அப்பன் நஞ்சப்பன், படித்தது அவன்தான். உன் அம்மா சுப்பாத்தாள், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு புடைக்க மறந்து கேட்டாள். தென்னை ஏறுகிற ராக்கப்பன், அரிவாளை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. தபால்கார மிக்கேல், கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். பக்கத்துத் தோட்டத்துக் கமலாத்தாள், உறைமோர் கேட்கிற சாக்கில் வந்தவள். அப்புறம் நான். யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்குச் சாகும்வரை மறக்காது.

வடக்கே பனிக்கடலில் தண்ணீர் அடிக்கு இறங்குகிறது, உலகத்தில் புகை கூடிக் காற்று சூடேறினால் அது இறங்காமல் நிற்கும், நின்றால் நம் பக்கத்து மழை பாதியாகும் என்று எழுதியிருந்தாய். கமலாத்தாள் சிரித்தாள்.

"ஏனுங்க மருதக்கா, கடலுக்கும் நம்ம கெணத்துக்கும் என்னங்க சம்பந்தம்? குளிருக்கு என்னத்தையோ குடிச்சுப்போட்டு எழுதியிருக்கானாட்ட இருக்குது."

"கம்ப்யூட்டர் கணக்குங்க அது. உங்கூட்டு மோர்க் கணக்கு இல்லீங்க" என்றான் உன் அப்பன்.

அவன் கல்யாணப் பந்தியில் சோறு வேகவில்லை என்று ஊர் கேட்கச் சொன்ன வாய் கமலாத்தாள் வாய். அன்றிலிருந்து அவள் வாசலை நான் மிதித்ததில்லை. இந்தச் சிரிப்பையும் அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் ஆனி ஆடியில் கொட்ட வேண்டிய இடவப்பாதி மழை பேருக்குத்தான் வந்தது. மேகம் எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட் வரை வந்து, பர்மிட் இல்லாத லாரி மாதிரி திரும்பிப் போகிறது. ஆகையால் ஒன்று கேட்கிறேன். பாதியாகும் என்றாயே, எப்போது?

உறைமேல் உன் பேரை மிக்கேல்தான் எழுதுகிறார். இங்கிலீஷ் தெரியாததால் மட்டும் இல்லை. உன் அப்பாரு பேரை உனக்கு வைத்தார்கள். கட்டினவர் பேரை நான் வாயாலும் சொன்னதில்லை, கையாலும் எழுதினதில்லை. உன்னைக் கண்ணு என்றே கூப்பிட்டு வளர்த்தேன்.

வேளைக்குச் சாப்பிடு.

மருதாத்தாள்


அமெரிக்கா
1976 செப்டம்பர் 25

அன்புள்ள அப்பத்தாவுக்கு வணக்கம். சளி போய்விட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கமலாத்தாள் அத்தைக்குப் புரியும்படி எழுதுகிறேன். வட கோடியில் காற்று மிகவும் குளிர்ந்து வீசுகிறது. அங்கே உள்ள உப்புத் தண்ணீர் குளிர்ந்து கனமாகி, நேராக அடிக்கு இறங்குகிறது. கடலின் தரையோடு ஊர்ந்து உலகமெல்லாம் போகிறது. இன்று இறங்கிய தண்ணீர் வேறொரு கடலில் மேலே வர ஆயிரம் வருஷம்கூட ஆகலாம். அது இறங்குவதால்தான் தெற்கேயிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் அந்த இடத்துக்குப் போகிறது. கடலும் காற்றும் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்வது இப்படித்தான்.

நிலக்கரியும் எண்ணெயும் எரித்து எரித்துக் காற்றில் கரியமில வாயு கூடுகிறது. காற்று சூடேறினால் வடகடல் முன்போலக் குளிராது. மழையும் உருகிய பனியும் சேர்ந்து உப்பும் குறையும். தண்ணீர் லேசாகிவிடும். லேசான தண்ணீர் எப்படி இறங்கும்?

இதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், கடலைப் போலவே ஒரு கணக்கைச் செய்து எந்திரத்துக்குள் விடுகிறோம். எங்கே குளிர், எங்கே உப்பு, எங்கே மழை என்பதையெல்லாம் ஓட்டை போட்ட அட்டைகளில் சொல்கிறோம். என் கணக்கில் இறங்குவது அடியோடு நின்றுவிட்டது. மழை விழும் இடங்கள் தெற்கே நகர்ந்தன. இதைப் பார்த்த முதல் ஆள் நான்தான், அப்பத்தா.

எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். வரும் வசந்தத்தில் பேராசிரியர் இதை ஒரு பெரிய சபையில் சொல்லப்போகிறார். அதன் பிறகு விவரமாக எழுதுகிறேன். ஆனால் நிலம் வைத்திருப்பவர்கள் இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கம்.

உங்கள் பேரன்
பொங்கியண்ணன்


பெருமாட்டி
1976 ஐப்பசி

கண்ணு, கடிதம் வந்தது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

'நிலம் வைத்திருப்பவர்கள் இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.' இந்த வரியை உன் அப்பன் இரண்டு தரம் படித்தான். யோசித்தும்விட்டான். கிணற்றின் அடிப்பாறையை வெடி வைத்து உடைத்து இன்னும் ஆழம் இறக்கப் போகிறானாம்.

நம் கிணற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கோடையிலும் ஊற்று நின்றதில்லை. கீழ்ப்பாறையைத் தொடாதே என்று உன் அப்பாரு சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். இப்போது ஐப்பசியும் காய்கிறது. மோட்டார் கொஞ்ச நேரத்தில் காற்றை இழுக்கிறது. ஆனாலும் ஊற்று விடியும்போது பழைய மட்டத்துக்கு வந்துவிடுகிறது. தென்னைக்கு அது போதும். பொறுத்தால் ஓட்டிவிடலாம் என்பது என் எண்ணம்.

"இன்னிக்கு ஓட்டீரலாம் அம்மா. மழை பாதியாகிப்போச்சுன்னா அப்ப என்ன பண்ணுவீங்க? பையன் தெரியாமையா எழுதுவான்?" என்கிறான்.

மலைமேல் பள்ளிவாசல் என்கிற ஊரிலிருந்து பொன்ராஜ் என்று ஒருவனைக் கூட்டிவந்து காட்டினான். மின்சாரத்துக்காக மலையைக் குடைந்த இடத்தில் வெடி வைத்தவனாம். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "மலைக்கே வழி போட்ட கை இது. ஒங்க கெணறு எனக்குச் சுண்டைக்கா, அண்ணாச்சி" என்றான். வெற்றிலையைக் கிணற்று மேட்டிலேயே துப்பினான். அதை நான் மறக்க மாட்டேன்.

தை பிறந்ததும் மாரியம்மன் கோயிலில் பூக் கேட்கிறோம். வெள்ளை வந்தால் வெடி, சிவப்பு வந்தால் இல்லை. ஆத்தாள் சொல்வது இருக்கட்டும், நீ சொல். மழை குறையப்போவது உன் அப்பன் காலத்திலா, உன் பேரன் காலத்திலா? ஒரு வரி போதும்.

மருதாத்தாள்


அமெரிக்கா
1976 டிசம்பர் 20

அன்புள்ள அப்பத்தாவுக்கு வணக்கம். சுகமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

இங்கே பனி கொட்டுகிறது. ஜன்னலைத் திறந்தால் இலவம் பஞ்சுக் களம் மாதிரி இருக்கிறது. புது கோட்டு ஒன்று வாங்கினேன். பாலா என்கிற ஊரிலிருந்து வந்து இங்கே நர்சாக இருக்கும் அன்னமேரி என்ற அம்மா ஞாயிற்றுக்கிழமை சோறும் மீன்குழம்பும் கொடுத்தார். மார்கழியில் மீன் தின்றேன் என்று அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

ராக்கப்பன் நலமா? சிவப்புப் பசு கன்று போட்டதா?

தையில்தானே பூக் கேட்கிறீர்கள்? ஆத்தாள் சொல்வதை அப்பா கேட்டுக்கொள்வது நல்லது.

பேரன்
பொங்கியண்ணன்


பெருமாட்டி
1977 தை

கண்ணு,

பனி வெள்ளை என்று தெரிந்துகொண்டோம். கோட்டு வாங்கினதும் தெரிந்தது. கன்று கிடாரி. ராக்கப்பன் நலம். நான் கேட்ட ஒரு வரியை உன் கடிதத்தில் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் தேடினேன். இல்லை.

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை பூக் கேட்டோம். பூசாரி பிச்சைமணி இரண்டு பொட்டலத்தை ஆத்தாள் முன்னால் உருட்டிவிட்டார். அவர் பேத்தி ஒன்றை எடுத்தாள். பிரித்தால் அரளி, சிவப்பு. எனக்கு உயிர் வந்தது.

உன் அப்பன் எழுந்திருக்கவில்லை. "ஏனுங்க பூசாரி, ஆத்தாளுக்கு நாம விவரஞ் சொல்லாமக் கேட்டுப்போட்டோம். பையன் எழுதினதைச் சொல்லி இன்னொருக்காக் கேளுங்க."

"ஒருக்காக் கேட்டது கேட்டதுதானுங்க நஞ்சப்பா. மாத்திக் கேட்கிற பழக்கம் இங்கத்த இல்லீங்க."

"பழக்கமில்லாத பஞ்சம் வரப்போகுதுங்க!"

பூசாரிக்கும் பயம் பிடித்துக்கொண்டது. உன்னுடைய செப்டம்பர் மாசக் கடிதத்தை ஆத்தாள் காலடியில் வைத்தார். வடகடலில் இப்படியிப்படி ஆகுதாமா தாயே என்று, நீ எழுதினதைத் தனக்குப் புரிந்த மட்டும் சொன்னார். மறுபடி உருட்டினார். நந்தியாவட்டை வந்தது. வெள்ளை.

உன் அப்பன் அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தான். கமலாத்தாள்கூடச் சிரிக்கவில்லை.

மாசிக் கடைசியில் வெடி. அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும். கடிதம் எழுத நேரமில்லை என்றால் தந்தி அடி. 'பொறு' என்று மட்டும் அடித்தாலும் உன் அப்பன் நிறுத்திவிடுவான். என் சொல் அவனுக்கு ஏறாது, உன் சொல் ஏறும்.

மருதாத்தாள்


பெருமாட்டி
1977 பங்குனி

பேரனுக்கு,

தந்தி வருமென்று மாசி முழுக்க மிக்கேல் சைக்கிள் மணிக்குக் காது வைத்திருந்தேன்.

வெடித்தாயிற்று. கமலாத்தாள் வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்தாள். ராக்கப்பன் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போய் மேட்டில் நின்றான். உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டாள். நான் களத்தை விட்டு நகரவில்லை. அடுப்பில் இருந்த சட்டி நடுங்கிற்று.

புகை அடங்கியதும் பொன்ராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தியளா அண்ணாச்சி! நான் சொன்னேம்லா!" என்று குதித்தான். நானும் எட்டிப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, உடைந்த பாறையில் மூன்று பக்கமிருந்தும் தண்ணீர் பாய்ந்தது. உன் அப்பன் வேட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்ற பையன் புண்ணியம்" என்றான். சேவல் அடித்துக் குழம்பு வைத்தோம்.

விடிந்ததும் முதலில் போய்ப் பார்த்தது நான். கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் இல்லை. ஈரப்பாறைதான் இருந்தது. உன் அப்பன் கயிறு பிடித்து இறங்கினான். அடியில் விரல் நுழைகிற மாதிரி ஒரு பிளவு. ஊற்றிலிருந்து வருகிற தண்ணீரெல்லாம் அதில் இறங்கிக்கொண்டிருந்தது. சிமெண்டு பூசிப் பார்த்தான். களிமண்ணும் சாக்கும் வைத்து அடைத்தான். பக்கத்தில் இன்னொரு வாய் திறந்தது. எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மேலே நின்றால் சத்தம் மட்டும் கேட்கிறது.

பொன்ராஜ் சேவல் குழம்பைத் தின்ற கையோடு ராத்திரியே பஸ் ஏறியிருந்தான்.

உன் அப்பன் இன்னும் உன்மேல் ஒரு சொல் சொல்லவில்லை. 'என்ற விதி' என்கிறான். நீ எழுது.

மருதாத்தாள்


அமெரிக்கா
1977 ஏப்ரல் 20

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அப்பாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கிணற்றை வேறு ஆட்களிடம் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது வழி இருக்கும்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது முடியவில்லை. எழுதுகிறேன்.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கியண்ணன்


பெருமாட்டி
1977 ஆடி

பேரனுக்கு,

சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று எழுதிவிட்டு மூன்று மாதமாக வாயை மூடிக்கொண்டாய். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

கீழ்வரிசைத் தென்னையில் குரும்பை நிற்பதில்லை. மட்டை காய்ந்து தொங்குகிறது. ராக்கப்பன் ஒரு மரம் ஏறிவிட்டு இறங்கி, "ஆத்தா, இனி எனக்கு இங்கத்த வேலை இல்லீங்" என்றான். அவன் அழுததை நான் பார்த்தது அதுதான் முதல்.

உன் அப்பன் பள்ளிவாசல் எஸ்டேட்டில் காவலுக்குப் போய்விட்டான். நாலு பேருக்கு வேலை கொடுத்தவன், நல்லதம்பி என்கிற கங்காணியிடம் போய் நின்று வேலை கேட்டான். போகிற அன்று கிணற்றுப் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸுக்குப் போகிற வழி அதுதான், ஆனாலும் வேலியைச் சுற்றிப் போனான்.

நானும் உன் அம்மாவும் கமலாத்தாள் கிணற்றில் தண்ணீர் சேந்துகிறோம். முதல் நாள் குடத்தோடு அவள் வேலிக்கு வெளியே நின்றேன். இருபத்தேழு வருஷம் மிதிக்காத வாசல். அவள் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க மருதக்கா, நின்னுட்டே இருந்தா கொடம் ரொம்புமா? உள்ள வாங்க."

"சோறு வேகலைன்னு சொன்னவதானே நீயி."

"அன்னிக்கு நெசமாலுமே வேகலீங்க அக்கா" என்றாள். அப்புறம் அவளே குடத்தை வாங்கிச் சேந்திக் கொடுத்தாள்.

நீ என்ன சொல்ல வேண்டும் என்று இருக்கிறாயோ அதைச் சொல்லிவிடு. எனக்கு வயசாகிறது என்பதற்காக இல்லை. உன் அம்மா தினமும் கேட்கிறாள்.

மருதாத்தாள்


அமெரிக்கா
1977 செப்டம்பர் 18

அப்பத்தா,

நேராகவே எழுதிவிடுகிறேன்.

என் கணக்கு தப்பு. மழையைச் சொல்லும் அட்டைக் கட்டு ஒன்று எந்திரத்துக்குள் இரண்டு தடவை போயிருந்தது. ஒரே மழையை வடகடலில் இரட்டிப்பாகக் கொட்டிவிட்டேன். அதனால்தான் உப்பு அவ்வளவு குறைந்தது. அதனால்தான் தண்ணீர் இறங்காமல் நின்றது. கட்டைச் சரி செய்து மறுபடி ஓட்டினேன். காற்று சூடேறினால் தண்ணீர் இறங்குவது மெல்ல மெல்லத் தளர்கிறது. அது மெய் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் நிற்கவில்லை. தளர்வதற்கும் எத்தனையோ பத்து வருஷங்கள் ஆகின்றன. பெருமாட்டியில் மழை கூடுமா குறையுமா என்பதை இந்தக் கணக்கால் சொல்லவே முடியாது.

இது எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பீர்கள். போன வருஷம் நவம்பர் மாதத்திலேயே தெரியும்.

பேராசிரியரிடம் மறுநாளே சொன்னேன். அவர் திட்டவில்லை. திருத்திக்கொண்டு போகலாம் என்றார். உங்களிடம் சொல்லத்தான் கை வரவில்லை. களத்தில் அத்தனை பேர் முன்னால் அப்பா படித்த கடிதம். கமலாத்தாள் அத்தை சிரித்த சிரிப்பு. பூ எப்படியும் சிவப்பாக வரும், அப்பா நிறுத்திவிடுவார், நான் ஒன்றும் சொல்லாமலே இது முடிந்துபோகும் என்று இருந்தேன். சிவப்பு வந்தது. அவர் திரும்பக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

உங்கள் தைக் கடிதம் பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தது. தந்தி ஆபீஸ் வரை போனேன். தந்தியை மிக்கேல் வாங்கிப் படிப்பார், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன்.

அப்பாவுக்கு இதை நீங்கள் சொல்லாதீர்கள். மார்ச்சில் வருகிறேன். நானே சொல்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள், அப்பத்தா.

பொங்கியண்ணன்


பெருமாட்டி
1977 கார்த்திகை

பேரனுக்கு மருதாத்தாள் எழுதுவது. உயிரோடு இருக்கிறோம். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் விளக்கு வைத்தேன். அது வேறு, இது வேறு.

மழை வந்தது. எங்கள் மாமியார் காலத்தில்கூட இப்படி ஐப்பசி கொட்டினதில்லை. வண்டித்தடத்தில் ஆள் நடக்க முடியவில்லை. குளம் மறுகால் போயிற்று. கமலாத்தாள் கிணற்றில் குனிந்தால் கையால் மொள்ளலாம். நம் கிணற்றில் மழைத்தண்ணீர் ஒரு பக்கம் விழுகிறது, மறு பக்கம் இறங்கிப் போகிறது. குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பொறுத்திருந்தால் ஊற்று இருந்திருக்கும். ஒரு கோடைதான் பொறுக்க வேண்டியிருந்தது.

உன் அப்பன் தீபாவளிக்கு வந்தான். நான் சொல்லவில்லை. நீயே சொல்வதாக எழுதியிருக்கிறாய், அதைக் கெடுக்க மாட்டேன். எஸ்டேட்டில் எல்லாரிடமும் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். 'கடலுக்கே கணக்குப் போடுறவன் என்ற மகன்' என்றானாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

கணக்கு தப்பியதற்கு எனக்குக் கோபம் இல்லை. தப்பு யாருக்கும் வரும். கண்ணுக்குத் தெரியாத கடலுக்கு அடியில் நடப்பதைக் கண்டுபிடிக்கப் போனவனுக்கு வராதா? நீ கடலை இரண்டாம் தரம் கேட்டாய், சரியான பதில் வந்தது. உன் அப்பன் ஆத்தாளை இரண்டாம் தரம் கேட்டான், அவள் என்ன செய்வாள், காலடியில் உன் கடிதம் கிடந்தது.

போன கார்த்திகையிலேயே உனக்குத் தெரியும். மார்கழியில் எனக்குப் பனியைப் பற்றி எழுதினாய். கோட்டைப் பற்றி எழுதினாய். கன்றைக் கேட்டாய். உன் கையில் இருந்த பதிலை ஆத்தாள் தலையில் வைத்துவிட்டு, 'ஆத்தாள் சொல்வதை அப்பா கேட்டுக்கொள்வது நல்லது' என்று எழுதினாய். நான் ஒரு வரிதான் கேட்டேன். 'எனக்குத் தெரியாது' என்று எழுதியிருந்தால் அதுவே போதும். அந்த ஒரு வரிக்கு அந்தக் கிணறு நின்றிருக்கும். மிக்கேல் படித்தால் படிக்கட்டுமே. கமலாத்தாள் சிரித்தால் சிரிக்கட்டுமே. அவள் சிரிப்பை இருபத்தேழு வருஷம் நான் தாங்கவில்லையா?

எனக்கு மறதி கிடையாது என்று உனக்குத் தெரியும். கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன். கமலாத்தாளை விட்டுவிட்டேன். அன்றைக்குச் சோறு மெய்யாகவே வேகவில்லை, நானே பிசைந்து பார்த்தவள்தான். பொன்ராஜை விட்டுவிட்டேன். அவன் துப்பின வெற்றிலையும் தின்ற சேவலும் போகட்டும், வெடி வைக்கக் கூப்பிட்டார்கள், வைத்தான். பூசாரி பிச்சைமணியை விட்டுவிட்டேன். ஆத்தாளிடம் இருந்த மனத்தாங்கலையும் விட்டுவிட்டேன். உன் அப்பன் பெற்ற பிள்ளையை நம்பினான், அதற்கு நான் எதை மன்னிப்பது?

மார்ச்சில் வா. வீட்டுக்கு வருகிறவனுக்குச் சோறு போடாமல் இருக்க மாட்டேன். உனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்து வைக்கிறேன். தண்ணீர் கமலாத்தாள் கிணற்றிலிருந்து நானே சேந்தி வந்து ஊற்றுகிறேன், குடி. முதலில் பள்ளிவாசலுக்குப் போ, உன் அப்பனிடம் சொல், அப்புறம் இங்கே வா.

உறைமேல் பேரை எழுத இன்றைக்கு மிக்கேலைக் கூப்பிடவில்லை. ஊர்ப் பேரையும் தேசத்துப் பேரையும் அவர் எழுதிக் கொடுத்தார். ஆள் பேரை நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவருக்கு விவரம் தெரியும், ஒன்றும் கேட்காமல் பேனாவைக் கொடுத்தார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வாயில் வராத பேர் இது. போனவர் இதைப் பொறுத்துக்கொள்வார். இது அவரைச் சொன்னது இல்லை, உன்னைச் சொன்னது. என் ஆயுசில் நான் மன்னிக்காத ஆள் இனி ஒருவன்தான்.

பொங்கியண்ணன்.